விளிம்பு வெட்டிய கூடை

மார்ச் 3

அன்புள்ள சின்னவளுக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், பேப்பரில் பார்த்தேன். நிதி அமைச்சருக்குப் பின்னால் மூன்றாவது நாற்காலியில், கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, யாரோ சொன்னதற்குச் சிரிக்கிறாய். உன் அத்தான் அந்தப் பக்கத்தை வெட்டி இஸ்திரி அறைச் சுவரில் ஒட்டினார். நான் கிழித்துப் போட்டேன். பாவம், அவருக்கு விஷயம் தெரியாது.

போனில் இதைப் பேச மாட்டேன். போனில் நீ நடுவில் புகுந்து நாலு இங்கிலீஷ் வார்த்தை சொல்வாய், நான் வாயடைத்துப் போய்விடுவேன். கடிதத்தில் நான் முடிக்கும்வரை நீ வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

சலவையகச் சங்கக் கூட்டத்தில் உங்கள் கார்பன் வரி அறிக்கையை எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுத்தார்கள். (நீங்கள் கார்பன் வரி என்கிறீர்கள். எங்கள் தெருவில் அதற்குக் கரி வரி என்றுதான் பெயர்.) புரட்டிக்கொண்டே வந்தேன். கடைசியில், இணைப்பு நான்கில், அப்பாவின் கையெழுத்து! அப்படியே படம் பிடித்துப் போட்டிருக்கிறீர்கள். தேதி, எத்தனை கூடை கரி, எத்தனை கிலோ துணி. கீழே ஒரு வரி: "குடும்பம் நடத்தும் ஒரு நீராவிச் சலவையகம், தேவைக்கு மிக அதிகமாக நிலக்கரி எரிக்கும் வகைக்கு எடுத்துக்காட்டு."

அப்பா போய்ப் பதினாறாம் நாள் நீ என்ன சொன்னாய்? "அந்த நோட்டெல்லாம் நான் எடுத்துட்டுப் போறேன் அக்கா. அப்பா பக்கத்துல இருக்கற மாதிரி இருக்கும்." முப்பத்தாறு நோட்டையும் வெளுத்த விரிப்பில் மூட்டை கட்டிக் கொடுத்தேன். அழுதுகொண்டே கட்டினேன். நீ அப்பாவைக் கொண்டுபோய்க் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருக்கிறாய்.

ஏன் என்னிடம் கேட்கவில்லை? இதற்கு மட்டும் பதில் எழுது.

உன் அக்கா

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்டேன். போன நவம்பரில், ஒரு புதன்கிழமை. "நோட்டுகளை ஆபீஸ் வேலைக்குப் பயன்படுத்திக்கட்டுமா"ன்னு கேட்டேன். உன் பின்னால் துணி பிழியும் இயந்திரம் கத்திக்கொண்டிருந்தது. "சரி சரி, அப்புறம் பேசறேன்" என்றாய். அப்புறம் நீ பேசவில்லை, நானும் மறுபடி கேட்கவில்லை. மறுபடி கேட்டிருக்க வேண்டும். அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் குற்றவாளிக் கூண்டு என்றெல்லாம் எழுதாதே. சிறு வியாபாரிகள் கரிக்கு ரசீது கொடுப்பதில்லை. அதனால் சிறு பாய்லர்களுக்கு, இத்தனை கிலோ துணிக்கு இத்தனை கிலோ கரி என்று ஒரு சராசரி வைத்துத்தான் வரி போட முடியும். அந்தச் சராசரிக்கு எங்கே போவது? நாடு முழுக்கத் தேடினோம். முப்பத்தாறு வருஷம் ஒரு நாள் விடாமல் எழுதி வைத்த மனிதர் ஒருவர்தான். எனக்கு அது பெருமையாக இருந்தது. அந்தக் கீழ் வரியை நான் எழுதவில்லை, குழுவில் வேறொருவர் எழுதினார். நீக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இனி நான் சொல்வதைக் கேள். விமானக் கம்பெனிக்காரர் வந்தார். "அருமையான வரி, ஆனா விமானத்துக்கு மட்டும் வேண்டாம்" என்றார். சிமெண்ட்காரர் வந்தார், சிமெண்டுக்கு மட்டும் வேண்டாம். உரக்காரருக்கு உரத்துக்கு மட்டும் வேண்டாம். ஆறு மாதமாக இதே பாட்டு. இப்போது என் சொந்த அக்கா நீயே சங்கத்தோடு சேர்ந்துகொண்டு, சலவைக்கு மட்டும் வேண்டாம் என்கிறாய். அப்படியானால் யார்தான் கட்டுவது?

போன மே மாதம் நீயே எழுதியது மறந்துவிட்டதா? ஒரே வாரத்தில் இஸ்திரி அறையில் இரண்டு பெண்கள் மயங்கி விழுந்தார்கள். "இப்படி ஒரு வெயிலை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை" என்று எழுதினாய். அந்த வெயில் வானத்திலிருந்து தானாகக் குதித்ததா? அந்தக் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் இந்த மசோதாவை எழுதினேன். கோபப்பட உனக்கு மட்டும்தான் உரிமை என்று நினைக்காதே.

அன்புடன்,
சின்னவள்

மார்ச் 14

தங்கைக்கு,

அந்த இரண்டு பெண்களை நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். உன் கைப்பை தூக்கவில்லை. வெயிலைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதே. வரியே கூடாது என்று நான் எங்கே எழுதினேன்? என் கடிதத்தை மறுபடி படி.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை உன் அத்தானும் நானும் உட்கார்ந்து அந்த இணைப்பு நான்கைப் பொறுமையாகப் பார்த்தோம். பார்க்கப் பார்க்க எனக்குத் தலை சுற்றியது. நாங்கள் அவ்வளவு கரி எரிக்கவே இல்லை. அவ்வளவு எரித்தால் எங்கள் புகைபோக்கி வெடித்திருக்கும். நீ எதை வைத்துப் பெருக்கினாய்? முதல் நோட்டின் முதல் பக்கத்தில் அப்பா "ஒரு கூடை 25 கிலோ" என்று எழுதியிருக்கிறார், அதை வைத்துத்தானே?

அது பழைய கூடை. அப்பா தன் கைக்குச் செய்துகொண்டது. ஐந்தாம் வருஷம் அவர் தோள்பட்டை முறிந்தது. கரி அள்ள ஆள் வைக்க வழியில்லை. நான் பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு பாய்லர் அறைக்குப் போனேன். முதல் நாள் அந்த இரும்புக் கூடையை நிரப்பித் தூக்க முடியாமல் உட்கார்ந்து அழுதேன். மறுநாள் காலை அப்பா ஒற்றைக் கையால் கொல்லர் பட்டறைக்கு இன்னொரு கூடையை எடுத்துக்கொண்டு போய், மேல் விளிம்பை நாலு விரல் அகலத்துக்கு வெட்டிக்கொண்டு வந்தார். பதினைந்து வயதுப் பெண் தூக்குகிற கூடை. அன்றிலிருந்து இன்றுவரை அதே கூடைதான். அடியில் இரண்டு தடவை ஒட்டுப் போட்டாயிற்று. இப்போது அள்ளுகிற பாய்லர்காரரும் அதில்தான் அள்ளுகிறார். பழைய பெரிய கூடை பின்பக்கக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கிறது.

துணி நிறுக்கிற தராசில் வைத்துப் பார்த்தேன். நிரப்பிய கரி பதினெட்டுக் கிலோ. ஐந்து தடவை நிறுத்தேன், ஐந்து தடவையும் பதினெட்டுதான். அப்பா கூடைதான் எண்ணினார், கிலோ எண்ணவில்லை. அந்த முதல் பக்கத்தைத் திருத்த அவருக்குத் தோன்றவே இல்லை.

உனக்கு எப்படித் தெரியும்? நீ விடுதியில் இருந்தாய். லீவுக்கு வந்தாலும், "படிக்கிற பிள்ளை, புகையில நிக்காதே"ன்னு அப்பா உன்னை வெளியே விட்டுக் கதவைச் சாத்துவார். உள்ளே நான் நிற்பேன். நீ ஒரு கூடை அள்ளியிருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்காது.

உன் எண்ணின்படி எங்களை மாதிரிச் சின்னச் சலவையகம் அத்தனையும் "அதிக எரிப்பு" வகுப்புக்குப் போகிறது. மருத்துவமனைகளோடு மூன்று வருஷத்துக்கு ஒரே விலையில் ஒப்பந்தம், கூலியை ஏற்ற முடியாது. எங்கள் தெருவுக்குக் காஸ் குழாய் வரவில்லை, கரியை விட்டு மாறவும் வழியில்லை. இந்த அட்டவணை அப்படியே நின்றால் டிசம்பருக்குள் நான் பாய்லரை அணைக்க வேண்டியதுதான். பதினோரு பெண்கள் வேலை செய்கிறார்கள், எனக்கும் அவர்களுக்கும் வேறு பிழைப்பு கிடையாது.

எண்ணைத் திருத்து.

அக்கா

மார்ச் 18

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததும் கணக்கை மறுபடி போட்டேன். நீ சொல்வது சரி. ஐந்தாம் வருஷத்திலிருந்து எல்லா எடையும் முப்பத்தொன்பது சதவீதம் கூடுதலாக வந்திருக்கிறது. சிறு சலவையகங்கள் நடு வகுப்பில்தான் இருக்க வேண்டும்.

இனி நான் எழுதப் போவதைப் பல்லைக் கடித்துக்கொண்டாவது படி. இருபத்தேழாம் தேதி நிலைக்குழுவின் கடைசி விசாரணை. அதற்கு அடுத்த வாரம் வாக்கெடுப்பு. இரண்டு வருஷ உழைப்பு. எதிர்க்கிறவர்கள் ஒரு ஓட்டை கிடைக்காதா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கூடைத் தப்பை இப்போது வெளியே சொன்னால், சலவையை விட்டுவிட்டு மொத்த மசோதாவையும் கொளுத்திவிடுவார்கள். "சொந்தக்காரர் நோட்டை வைத்துச் சட்டம் எழுதினார்கள்" என்று ஒரே ஒரு தலைப்புச் செய்தி போதும்.

வாக்கெடுப்பு முடியட்டும். பிறகு விதிமுறை எழுதும்போது அட்டவணையை நான் சத்தமில்லாமல் திருத்திவிடுகிறேன். நான்கு மாதம், அதிகம் போனால் ஐந்து மாதம். அதுவரை சங்கத்தில் இதைப் பற்றிப் பேசாதே. எனக்காக.

சின்னவள்

மார்ச் 21

துணைச் செயலாளர் அம்மையார் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கூடை யாருக்காக வெட்டப்பட்டது என்று நான் எழுதினேன். தாங்கள் பதிலில் சதவீதம் எழுதியிருக்கிறீர்கள்.

ஒரு வரி, ஒரே ஒரு வரி, "அக்கா, எனக்குத் தெரியாமல் போச்சே" என்று எழுத உனக்குக் கை வரவில்லையா? முப்பத்திரண்டு வருஷத்தில் நான் இதைச் சொல்லிக் காட்டியது இதுதான் முதல் தடவை. உன் பரீட்சை, உன் பட்டம், உன் வேலை, எதிலும் நான் வந்து "இது என் முதுகு" என்று நின்றதில்லை. நீ முன்னுக்கு வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான், இப்போதும் சந்தோஷம்தான், அதனால்தான் இப்படி வயிறு எரிகிறது.

"சத்தமில்லாமல்" என்று எழுதியிருக்கிறாய். நான்கு மாதத்தில் உனக்கு வேறு இலாகா கொடுத்துவிட்டால்? உன் நாற்காலியில் உட்காருகிறவருக்கு என் கூடையைப் பற்றி யார் சொல்வது? தப்பு என்று தெரிந்த பிறகும் ஒரு எண்ணை மேஜையில் வைத்துக்கொண்டு நீ எப்படித் தூங்குகிறாய்?

நேற்று நிலக்கரி வியாபாரிகள் சங்கத் தலைவர் வந்திருந்தார். எப்படி மோப்பம் பிடித்தாரோ. "கார் அனுப்பறோம்மா, ஹோட்டல்ல தங்க ஏற்பாடு பண்றோம், நீங்க கூடையோட வந்து உக்காந்தா போதும், மசோதா காலி" என்றார். "எடை கூட்ட ஈரக்கரியைக் கொட்டிட்டுப் போறீங்களே, அதைப் பத்தியும் அங்க பேசட்டுமா?"ன்னு கேட்டேன். எழுந்து போய்விட்டார்.

அவர் காரில் நான் வர மாட்டேன். ஆனால் வருவேன். பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் பேசலாம் என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள், பெயர் கொடுத்துவிட்டேன். இருபத்தேழாம் தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. அதற்குள் நீயே திருத்திவிட்டால் நான் வர வேண்டிய அவசியம் இருக்காது.

சலவையகம் நடத்துகிறவள்

மார்ச் 24

அக்கா,

வராதே. காரணம் கேட்காதே. என்னை நம்பு, ஒரு தடவை. வராதே.

மார்ச் 29

தங்கைக்கு,

வந்தேன். உனக்குத் தெரியும், ஆனால் நீ பார்க்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கூடையைக் கழுவி, மடியில் வைத்துக்கொண்டு ஏழு மணி நேரம் பேருந்தில் வந்தேன். வாசலில் காவலாளி, "உள்ள என்ன?" என்றார். "ஒண்ணுமில்ல." "ஒண்ணுமில்லாத கூடையை எதுக்கு எடுத்துட்டு வரீங்க?" "இல்லாத கரிக்கு வரி போடறாங்க, அதைக் காட்டத்தான்" என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே விட்டார். அங்கே என்னிடம் முகம் கொடுத்துப் பேசியது அவர் ஒருத்தர்தான்.

என் முறை வந்தபோது பதினொன்றரை. கூடையை மேஜையில் வைத்தேன். குழுத் தலைவர் கேட்டார், "இதோட விளிம்பை யார் வெட்டினது?" "எங்கப்பா." "ஏன்?" "நான் தூக்கறதுக்காக." "உங்களுக்கு அப்ப என்ன வயசு?" "பதினஞ்சு." நீ பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தாய். எதையோ எழுதிக்கொண்டிருந்தாய். தலை நிமிரவே இல்லை.

பின்வரிசையில் கரிச் சங்கத் தலைவர் கை தட்டினார். திரும்பி, "தட்டாதீங்க, நான் உங்களுக்காக வரலை"ன்னு சொன்னேன். குழுத் தலைவரிடம், "வரி போடுங்க ஐயா, சரியான எடைக்குப் போடுங்க. காஸ் குழாயையும் எங்க தெரு வரைக்கும் போடுங்க" என்றேன். மறுநாள் பேப்பரில் இது எதுவும் இல்லை. "சலவைக்காரப் பெண் கூடையால் கவிழ்த்தார்" என்று போட்டிருக்கிறார்கள். நான் எதையும் கவிழ்க்கப் போகவில்லை.

வெளியே படிக்கட்டில் ஒரு மணி நேரம் உனக்காகக் காத்திருந்தேன். நீ வரவில்லை. பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

இனி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

அக்கா

ஏப்ரல் 4

அக்காவுக்கு,

எழுத ஒன்றுமில்லை என்றால் எழுதாதே. படி.

அன்று காலை ஒன்பதே முக்காலுக்கு நிலைக்குழுத் தலைவரின் அறையில் ஒரு கடிதம் கொடுத்தேன். என் கையெழுத்தோடு. இணைப்பு நான்கில் தவறு இருக்கிறது, கூடை பதினெட்டுக் கிலோ, பிழை என்னுடையது, அந்தச் சலவையகம் என் குடும்பத்தினுடையது என்று. மதிய அமர்வில் அதை நானே எழுந்து வாசிப்பதாக ஏற்பாடு. அதற்காகத்தான் வராதே என்று எழுதினேன். காரணத்தை எழுத முடியவில்லை, எங்கள் அலுவலகத்திலிருந்து போகிற கடிதத்தை யார் பிரிக்கிறார்கள் என்று அந்த வாரம் எனக்கே தெரியவில்லை.

நீ வந்து பதினொன்றரைக்குப் பேசிவிட்டாய். அதற்குப் பிறகு என் கடிதத்துக்கு என்ன மதிப்பு? "அக்கா வந்து மாட்டிவிட்டதும் தங்கை ஒப்புக்கொண்டாள்." எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரு மூன்று மணி நேரம் என்னை நம்பியிருக்கக் கூடாதா? நான் தலை நிமிராதது வெட்கத்தால் என்று நினைத்தாயா? கோபம். நிமிர்ந்திருந்தால் அங்கேயே உன்னிடம் கத்தியிருப்பேன்.

மசோதா தோற்கவில்லை. அட்டவணைகள் முழுவதையும் மறுபடி சரிபார்க்கச் சொல்லி ஆறு மாதம் தள்ளி வைத்துவிட்டார்கள். அந்த ஆறு மாதமும் சிமெண்ட்காரரும் விமானக்காரரும் ஒரு காசு கட்டாமல் எரிப்பார்கள். என்னை ஆவணக் கிடங்குக்கு மாற்றியாயிற்று. ஜன்னல் இல்லாத அறை, நானும் ஒரு ஏணியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். அந்தத் திருத்தத்தை நான் பத்தொன்பதாம் தேதியே எழுதிவிட்டேன். எட்டு நாள் இழுப்பறையில் வைத்திருந்தேன். தினமும் திறந்து பார்ப்பேன், மூடுவேன். உன் இருபத்தோராம் தேதிக் கடிதம் வந்திராவிட்டால் அது இன்னும் அங்கேயே கிடந்திருக்குமோ என்னவோ. அதனால் நீ நம்பாததைத் தப்பு என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அதுதான் ஆத்திரமாக இருக்கிறது.

உன் கடிதத்தில் பதினெட்டு என்று படித்தபோது எனக்கு அது எண்ணாகத்தான் பட்டது. மேஜையில் கூடையை ஓரக்கண்ணால் பார்த்தபோது தெரிந்தது. அவ்வளவு சின்னதாக இருந்தது அக்கா. எனக்குத் தெரியாமல் போச்சு.

சின்னவள்

ஏப்ரல் 10

சின்னவளுக்கு,

எட்டு நாளா? நல்லவேளை நான் வந்தேன் என்று தோன்றுகிறது. ஒன்பதே முக்காலுக்கே கொடுத்துவிட்டாயா? ஏன்தான் வந்தேனோ என்றும் தோன்றுகிறது. இரண்டும் ஒரே தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. காலையிலிருந்து இரண்டு விரிப்பைக் கருக்கிவிட்டேன்.

கரிச் சங்கத்திலிருந்து ஒரு கூடைப் பழம் அனுப்பினார்கள், "வெற்றிக்கு நன்றி" என்று சீட்டு வைத்து. உன் அத்தானிடமே கொடுத்து வேனில் திருப்பி அனுப்பினேன். ஒரு ஆப்பிளை மட்டும் அவர் வழியில் தின்றுவிட்டார், கேட்டால் "அது வெற்றியில்ல, பசி" என்கிறார்.

எனக்குக் கோபம் தீரவில்லை. உன்மேல் இருக்கிறது, கரிச் சங்கத்துக்காரர்மேல் இருக்கிறது, பேப்பர்காரன்மேல் இருக்கிறது, கதவைச் சாத்திய அப்பாமேல்கூடக் கொஞ்சம் இருக்கிறது. அந்த ஆறு மாதத்துக்கு நானும் ஒரு காரணம் என்பது இஸ்திரி அறைக்குள் போகும்போதெல்லாம் உறைக்கிறது. இன்று அங்கே முப்பத்தொன்பது டிகிரி. இன்னும் மே வரவில்லை. பெண்களை மணிக்கு ஒரு தடவை வெளியே உட்கார வைக்கிறேன்.

அந்த எண்ணை மறுபடி யாரோ எழுதப் போகிறார்கள் அல்லவா? கிடங்கில் இருந்தாலும் நீ மூக்கை நுழைக்காமல் இருக்க மாட்டாய், எனக்குத் தெரியாதா உன்னை. அதற்கு முன்னால் இங்கே வா. அப்பாவின் நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு வா, அவை இங்கே இருக்க வேண்டியவை. பாய்லர் அறைக் கதவை நான் சாத்த மாட்டேன். ஒரே ஒரு கூடை அள்ளி அடுப்பில் போடு. அப்புறம் என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு, நானும் திட்டுகிறேன். காகிதத்தில் திட்டி எனக்குத் திருப்தி இல்லை.

அக்கா

ஏப்ரல் 14

அக்கா,

சனிக்கிழமை முதல் பேருந்தில் வருகிறேன். முப்பத்தாறு நோட்டும் அதே விரிப்பில் வருகின்றன. சமாதானத்துக்கு வருகிறேன் என்று நினைத்து முகத்தைச் சரிசெய்துகொள்ளாதே, படிக்கட்டில் ஒரு மணி நேரம் காத்திருந்தேன் என்று எழுதினாயே, அதற்கே உன்னோடு தனியாக ஒரு சண்டை இருக்கிறது. பக்கத்துக் கதவால் வெளியே போய் நானும் அதே நேரம் பேருந்து நிலையத்தில் உன்னைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கிற பழைய கூடையைத் தேய்த்துக் கழுவி வை. எனக்கு அதுதான் வேண்டும். விளிம்பு வெட்டியது வேண்டாம், அது உனக்காக வெட்டியது.

சின்னவள்